ஜம்புவின் சதுர்த்தி விரதம்

புனேயின் ஔந்துப் பகுதியில் ஒரு நாய் சங்கஷ்ட சதுர்த்தி விரதம் இருக்கிறது என்று என்னிடம் முதலில் சொன்னவர் ராஸ்தா பேட்டையில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தருபவர். இரண்டாவதாகச் சொன்னவர் என் பல் டாக்டர். என் வாய்க்குள் இரண்டு கருவிகள் இருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னதால் மறுத்துப் பேச முடியவில்லை. மாதாமாதம் தேய்பிறைச் சதுர்த்தியன்று அந்த நாய் எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம். நிலா எழும்பிய பிறகுதான் ஒரு வாய் தயிர்சாதம் சாப்பிடுகிறதாம். அக்கம்பக்கத்துக் கட்டடங்களிலிருந்து பெண்கள் அறுகம்புல்லோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்களாம். மூன்றாவது ஆள் என்னிடம் சொல்வதற்குள் நாய் போன ஜென்மத்தில் கணபதி கோயில் குருக்களாக ஆகிவிட்டது.

இது 2001இல். பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஊரே டம்ளரும் ஸ்பூனுமாக வரிசையில் நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. அடுத்ததற்கு ஜனங்கள் பசியோடு இருந்தார்கள்.

நாய் யாருடையது என்று விசாரித்தேன். சந்திரமௌலியுடையது என்றார்கள். அப்போதே இது வேதாந்த விஷயம் அல்ல, வயிற்று விஷயம் என்று தெரிந்துபோயிற்று.

சந்திரமௌலி மாயவரத்துக்காரர். 1972இல் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்து, இருபத்தைந்து வருஷம் வெடிமருந்துக்கு நடுவே உட்கார்ந்து, ஒன்றும் வெடிக்காமல் ஓய்வு பெற்றவர். சிலருக்குப் பிள்ளை அமெரிக்காவில் இருப்பான். சந்திரமௌலிக்கு வயிறு இருந்தது. கல்யாண வீட்டில், கோயில் வரிசையில், ரேஷன் கடையில், யார் எந்தப் பேச்சை எடுத்தாலும் நாலாவது வாக்கியத்தில் அவர் வயிறு வந்து சேரும். காலையில் உப்பும். பதினோரு மணிக்கு எரியும். மூன்று மணிக்குள் மூன்று தடவை போய்வருவார். இதை அவர் புகாராகச் சொல்வதில்லை. சாதனையாகச் சொல்வார்.

1993இல் தொடங்கிய கோளாறு இது. அன்றிலிருந்து அவர் பார்க்காத வைத்தியம் இல்லை என்பது பெரிய விஷயமில்லை. பார்த்த எந்த வைத்தியத்தையும் விடவில்லை என்பதுதான் விஷயம். ஒன்றை விட்டால்தானே அது பலித்ததா இல்லையா என்று தெரியும்? எழுந்ததும் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும். பிறகு ஹோமியோபதி உருண்டை, அதற்குக் காப்பி ஆகாது. உருண்டை சின்னதுதானே என்று பிறகு காப்பி. இரவில் இசப்கோல். ஏரவாடாவில் ஒருவர் தொப்புள் விலகியிருக்கிறது என்று சொல்லிக் கால் கட்டைவிரலை இழுத்துவிடுவார். மாதம் ஒரு முறை ஆட்டோ வைத்துக்கொண்டு அந்தக் கட்டைவிரலை அங்கே கொண்டுபோவார். இதற்கெல்லாம் நடுவே ஒரு சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. எரிந்தால் குளிர்ந்த பால் குடிப்பார். பால் குடித்தால் உப்பும். உப்பினால் ஓமம் மெல்லுவார். ஓமம் எரியும். எரிந்தால் பால்.

கடைசியில் கேம்ப் பகுதியில் ஒரு பெரிய டாக்டர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "உங்கள் வயிற்றில் ஒன்றுமில்லை, நீங்கள் போடுவதைத் தவிர. அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்" என்றார். ஏழு வருஷத்தில் அவர் காதில் விழுந்த முதல் புத்திமதி அது. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதுதான் கதை.

மாடிப்படியில் மனைவி பாலாம்பாளிடம் அவர் ஓய்வு விஷயத்தைச் சொல்லிக்கொண்டு ஏறியபோது, கீழ்வீட்டுக் கதவு திறந்தது. லேலே காகூ. காகூ என்றால் மராத்தியில் சித்தி. அந்தக் கட்டடத்துக்கே அவர் சித்தி. அதோடு ஹவுசிங் சொசைட்டியின் செயலாளரும் அவரே. தண்ணீர் மோட்டார் எப்போது ஓடும், யார் ஸ்கூட்டரை எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் அவர் கையில். "வயிற்றுக்கு ஓய்வா? உபவாசம் இருங்களேன். சங்கஷ்டியும் இரண்டு ஏகாதசியும் போதும்" என்றார்.

நம் பக்கத்து விரதம் தெரிந்தவர்களுக்குப் புனே உபவாசத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அரிசி, கோதுமை, பருப்பு ஆகாது. அவ்வளவுதான் தடை. ஜவ்வரிசிக்குத் தடையில்லை. வேர்க்கடலைக்கு, உருளைக்கிழங்குக்கு, பச்சைமிளகாய்க்கு, இவை எல்லாவற்றையும் மிதக்கவைக்கும் நெய்க்குத் தடையில்லை. இவற்றைச் சேர்த்துச் செய்வதுதான் சாபுதாணா கிச்சடி. மற்ற நாளில் இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுகிறவர் உபவாசத்தன்று இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, பட்டினி கிடந்த களைப்பில் படுத்துக்கொள்வார். ஊர் முழுக்க அதைத் தாங்குகிறது. சந்திரமௌலி ஊர் அல்ல.

முதல் சங்கஷ்டியன்றே லேலே காகூ ஒரு எவர்சில்வர் டப்பா நிறையக் கிச்சடி அனுப்பினார். மூடியில் லேலே குடும்பத்தின் பெயர் புள்ளிபுள்ளியாக வெட்டியிருந்தது. பிறத்தியார் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது பாலாம்பாள் வீட்டு வழக்கம். மறுநாள் அதில் சொஜ்ஜி வைத்துக் கொடுத்தாள். வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது லேலே காகூ வீட்டு வழக்கமும்கூட. ஏகாதசிக்கு டப்பா கிச்சடியோடு மேலே வந்தது. மராத்தியருக்கும் தமிழருக்கும் எத்தனையோ விஷயத்தில் ஒத்துப்போவதில்லை. இதிலும் ஒத்துப்போகாமல் இருந்திருக்கலாம். ஒரே டப்பா ஒன்றரை வருஷம் ஏறி இறங்கியது. யாராலும் கடைசி ஆளாக இருக்க முடியவில்லை.

டப்பா பெரியது. சந்திரமௌலி முக்கால்வாசி தின்பார். மீதியைக் கொட்டுவது பாவம் என்பதால் நாய்க்குப் போகும்.

நாய் அவர் மகள் சஹானாவுடையது. 1998இல் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் மழையில் கிடந்த தெருக்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். ஜம்பு என்று பெயர் வைத்தவர் சந்திரமௌலி. தொழிற்சாலையில் அவரை இருபது வருஷம் அதட்டிய மேலதிகாரியின் பெயர் ஜம்புநாதன் என்பதை நான் தற்செயலாகத்தான் அறிந்தேன்.

2001இல் தீபாவளிக்கு முந்தைய சதுர்த்தியன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நான் பத்திரிகைக்காக வதந்தியைச் சரிபார்க்கப் போனேன். படியெல்லாம் பினாயில் நாற்றம். மேல்வீட்டு வாசலில் மூன்று பெண்கள் அறுகம்புல்லோடு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் லேலே காகூ, கோயில் தர்மகர்த்தா மாதிரி.

"சத்தம் போடாதீர்கள். நமஸ்காரம் செய்கிறது" என்றார் என்னிடம் மராத்தியில்.

எட்டிப் பார்த்தேன். ஜம்பு முன்னங்கால்களையும் மார்பையும் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் உயர்த்திக்கொண்டு நின்றது. விலா எலும்புகளை எண்ணலாம். பக்தியில் வளைந்த நாயை நான் பார்த்ததில்லை. வலியில் வளைந்த மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"சந்திரமௌலி எங்கே?" என்று பாலாம்பாளைக் கேட்டேன்.

"வேற எங்கே? உள்ளேதான்" என்று குளியலறைப் பக்கம் கையைக் காட்டினாள். "ஒன்பது மணிக்கு அவர் சாப்பிட்டார், அதுக்கும் போட்டார். பத்து மணிக்கு அது வாந்தி எடுத்தது. இப்போ இவர் முறை."

பெண்கள் போனதும் சஹானா என்னைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பத்தொன்பது வயது. புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை ஒரு காலில் செருப்பில்லாதவள் மாதிரி பேசுவாள்.

"அங்கிள், நீங்க இதை மேகசின்ல லிக்காதீங்கோ, எழுதாதீங்கோ. ப்ளீஸ்."

"எதை?"

"ஜம்பு பீமார்னு. சிக். உடம்பு சரியில்லேன்னு. ஸ்ராவணத்துல லேலே காகூ லெட்டர் கொடுத்தா. ஜம்பு ஸீடியெல்லாம், படியெல்லாம் அசிங்கம் பண்றது, தீபாவளிக்குள்ள வெளில விட்டுடணும்னு. அப்புறம் அவளே வந்து பாத்தா, இது இப்படி குனிஞ்சுது, விரதம்னு சொல்லிட்டா. லெட்டரைத் திருப்பி வாங்கிண்டுட்டா. உடம்புன்னு தெரிஞ்சா மறுபடியும் லெட்டர்."

நிலைமை எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் நாய்க்கு வீடு போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும். இரண்டையும் தீர்மானிக்கிறவர் கீழ்வீட்டில் அடுத்த கிச்சடிக்கு ஜவ்வரிசி ஊறவைத்துக்கொண்டிருக்கிறார்.

ஜம்புவைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டியிருந்தது. சந்திரமௌலி இன்னும் வெளியே வரவில்லை. நான் தூக்கினேன். தூக்கக் கனமே இல்லை. பரிஹார் சௌக் பக்கத்தில் டாக்டர் பெண்ட்ஸே என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. தேவையில்லாத வார்த்தை பேசாதவர். எடை பார்த்தார். போன வருஷம் பத்தொன்பது கிலோ, இப்போது பதின்மூன்றரை. வயிற்றைத் தொட்டார். ஜம்பு முனகியது.

சஹானா ஒரு காரியம் உருப்படியாகச் செய்திருந்தாள். கேஸ் ஏஜென்சி கொடுத்த இங்கிலீஷ் காலண்டரில், ஜம்பு வாந்தி எடுத்த நாளிலெல்லாம் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்தாள். அதை மேஜையில் விரித்தாள். டாக்டர் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய மராத்திக் காலண்டரைக் கழற்றிக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். விரலால் இதில் ஒன்று, அதில் ஒன்று தொட்டுக்கொண்டே போனார்.

"சதுர்த்தி. ஏகாதசி. ஏகாதசி. சதுர்த்தி. உங்கள் நாய் பஞ்சாங்கம் பார்க்குமா?"

சஹானா இரண்டு காலண்டரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"கிச்சடி யார் செய்கிறார்கள்?"

"நாங்க செய்யலை. அது வருது."

"எங்கிருந்து வந்தாலும் நெய் நெய்தான். வேர்க்கடலை, மிளகாய், பொரித்த உருளைக்கிழங்கு. கணையம் வீங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். ரத்தம் எடுத்து உறுதி செய்கிறேன். நீங்கள் சொல்கிறீர்களே அந்த நமஸ்காரம், அது வயிற்று வலி. வலிக்கும்போது நாய்கள் அப்படித்தான் நிற்கும்."

ஊசி போட்டார். தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றினார். வாந்தி நின்ற பிறகு குழைந்த சோறு, தோலில்லாத வேகவைத்த கோழி, கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு ஐந்து தடவை. நெய், பிஸ்கட், பால், பிரசாதம் எதுவும் கூடாது. கோழி என்ற சொல்லே அந்த வீட்டுப் படி ஏறாது என்று சஹானா சொன்னதும், முட்டை வெள்ளைக்கருவும் பூசணியும் என்று இறங்கிவந்தார்.

"பால்கூடவா?" என்று கேட்டேன்.

"வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வளர்ந்த மனிதர்கள் பலருக்கும் செரிக்காது. மனிதர்கள் என்னிடம் வருவதில்லை." கையைக் கழுவிக்கொண்டே தொடர்ந்தார். "இன்னொரு தடவை இப்படி வந்தால் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் ஏகாதசியன்று நெஞ்செரியும். மாமியார் செய்கிறார். ஆனால் என்னை யாரும் வந்து கும்பிடுவதில்லை."

வீட்டுக்கு வந்து சஹானா அப்பாவிடம் இரண்டு காலண்டரையும் காட்டினாள். பெண்ட்ஸே தன்னுடையதையே கொடுத்தனுப்பியிருந்தார். சந்திரமௌலி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்டோர்ஸில் சரக்குப் பட்டியல் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"சரி, நாய்க்கு ஜவ்வரிசி ஒத்துக்கலை."

"அப்பா, உங்களுக்கும் அதே நாள்தானே?"

"நாய் வேற, நான் வேற."

"டப்பா ஒண்ணுதானே அப்பா."

"எனக்கு சுபாவமே வாயு. ஓய், நீர் சொல்லும். மனுஷா வயிறும் நாய் வயிறும் ஒண்ணா?"

"இல்லை, நாய்க்கு நாளைக்கே குணமாயிடும்" என்றேன். அவர் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டார்.

பாலாம்பாளின் கவலை வேறு. அவள் சமையல் மேடையில் இருந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை எப்படி நிறுத்தறது? ஏதாவது வெச்சுக் கொடுத்தா எட்டு நாள்ல ஏகாதசி, மறுபடியும் ரொம்பிண்டு வந்து நிக்கும். வெறும் டப்பாவைக் கொடுத்தா மூஞ்சியில அடிச்ச மாதிரி. வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பா. ஏன்னு சொன்னா லெட்டர் வரும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வதந்தியைச் சரிபார்க்க வந்தவன் நான். சரிபார்த்தாயிற்று. எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஜம்பு என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

கீழே லேலே காகூ கதவருகே காத்திருந்தார். "பார்த்தீர்களா? எழுதுவீர்களா?"

"எழுதக் கூடாது காகூ. எழுதினால் விரதம் கெட்டுவிடும்."

"அப்படியா?"

"இது அடுத்த படிக்குப் போகப்போகிறது. நிர்ஜலம் மாதிரி. இனிமேல் சதுர்த்தி, ஏகாதசி அன்று வெளியார் கைப்பண்டம் அந்த வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. வாசனை பட்டால்கூட தோஷம். பார்க்க வருகிறவர்களும் வாசலோடு போய்விட வேண்டும்."

"கிச்சடிகூடவா?"

"முக்கியமாகக் கிச்சடி. அதுதானே பெரிய சபலம்."

இது அவருக்குப் பிடித்திருந்தது. தன் கிச்சடி ஒரு தபஸ்வியைச் சலனப்படுத்தும் என்பதை எந்த மனுஷிதான் மறுப்பாள்? "எத்தனை நாள்?"

பிள்ளையார் கணக்கில் வாயில் வந்தது: "இருபத்தொரு சதுர்த்தி."

"டப்பா மேலே இருக்கிறதே."

"முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். முடிந்ததும் நிறைவுப் பிரசாதத்தோடு வரும்."

சாயங்காலத்துக்குள் நாலு கட்டடத்துக்கு அது பரவியது. ஒரு பொய்யை விசாரிக்கப் போனவன் இன்னொன்றை ஊரில் விட்டுவிட்டு வீடு திரும்பினேன். முந்தையதைவிட இது ஜாதியில் உசத்தி. ஒருவருக்கும் பேதி ஆகாது.

ஜம்பு பெண்ட்ஸே சொன்னபடி சாப்பிட்டது. வெள்ளைக்கரு வாட்ச்மேன் அடுப்பில் வெந்து சஹானாவின் கைப்பையில் மேலே வந்தது. பாலாம்பாள் அந்தப் பையைத் திறந்து பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். மூன்று வாரத்தில் பின்பக்கத்தை உயர்த்துவது நின்றது. தை மாதத்துக்குள் பதினேழு கிலோ. சதுர்த்தியன்று சஹானா அதை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் யாருக்கும் தெரியாமல் சோறு போடுவாள். தவம் செய்கிற நாய் இப்படிக் கொழுக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. படி சுத்தமாக இருந்தது. சொசைட்டிக்கு அது போதும். சுத்தத்துக்குக் காரணம் விரதம் என்று லேலே காகூ கூட்டத்தில் அறிவித்து, அதைக் குறிப்பேட்டிலும் எழுதவைத்தார்.

கிச்சடி வராததால் சந்திரமௌலிக்கு உபவாசமும் இல்லாமல் போயிற்று. விரத நாட்களில் அவர் மற்றவர்கள் மாதிரி ரசம் சாதம் சாப்பிட்டார். மூன்று தடவை இரண்டாயிற்று. அதற்கான பெருமையை ஏரவாடா கட்டைவிரல்காரருக்குக் கொடுத்து, தேங்காய் பழம் வைத்து நமஸ்காரமும் செய்துவிட்டு வந்தார். பாலை மட்டும் விடவில்லை. பெண்ட்ஸே சொன்னது நாய்க்குத்தானே. அடுத்த வருஷம் கோடையில் பால்காரர் மகள் கல்யாணத்துக்கு சாங்லி போய் ஒரு வாரம் வரவில்லை. சந்திரமௌலிக்கு ஒரு வாரம் வயிறு வரவில்லை. பால்காரர் திரும்பினார், வயிறும் திரும்பியது.

"சீதோஷ்ணம்" என்றார் சந்திரமௌலி.

மூன்று வாரத்தில் நாய்க்குப் புரியவைத்ததை இவருக்குப் புரியவைக்க சஹானாவுக்கு இன்னும் பத்து மாதம் ஆயிற்று. அதுவும் புரியவில்லை. அவள் பாலை வாங்குவதை நிறுத்திவிட்டு, வீட்டில் தயிர் தோய்க்கிற அளவுக்கு மட்டும் வாங்கினாள். ஓமச் சக்கரம் ஓட ஆளில்லாமல் நின்றது. பத்து வருஷ வயிறு சத்தமில்லாமல் விலகிப்போயிற்று. அதன்பிறகு சந்திரமௌலியைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கல்யாண வீட்டில் நாலாவது வாக்கியம் வரும்போது வாயைத் திறப்பார். சொல்ல ஒன்றும் இருக்காது. மூடிக்கொள்வார். நல்லவேளை, 2004இல் முழங்கால் வந்தது.

இருபத்தொரு சதுர்த்தி 2003இலேயே முடிந்துவிட்டது. டப்பா கீழே போகவில்லை. எதையாவது வைத்துக் கொடுத்தால் எதையாவது வைத்துத் திரும்பி வரும். வெறுமையாகக் கொடுக்க பாலாம்பாளுக்குக் கை வராது. லேலே காகூ கேட்கிறபோதெல்லாம் இன்று வெள்ளிக்கிழமை, இன்று அமாவாசை, இன்று வீட்டில் ஒட்டடை அடிக்கிறோம் என்று சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தாள்.

போன வாரம் நான் படி ஏறும்போது லேலே காகூ வழியை மறித்தார்.

"இருபத்தொன்று என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நான் எண்ணிக்கொண்டு வருகிறேன். நாற்பது ஆகிறது. எந்த சாஸ்திரத்தில் நாற்பது இருக்கிறது? என் டப்பா எங்கே?"

மேலே சொல்கிறேன் என்று நழுவி ஏறினேன். டப்பா ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. வாரம் ஒரு முறை புளி போட்டுத் தேய்க்கிறாள் போல, மூடியில் லேலே பெயர் பளபளத்தது. அதன் கீழே ஜம்பு, முகவாய் நரைத்து, மல்லாந்து, நாலு காலையும் பரப்பிக்கொண்டு தூங்கியது. பாலாம்பாள் காப்பி கொடுத்தாள், பாலில்லாமல்.

"நீங்கதானே வாக்குக் கொடுத்தேள். நீங்களே சொல்லுங்கோ. இதுக்குள்ள என்ன வெச்சா அவாளால பதிலுக்கு ஒண்ணும் வைக்க முடியாது?"

யோசித்தேன். காப்பி முடிந்தது. அடுத்த தடவை சொல்கிறேன் என்று எழுந்தேன். படியில் பாதி இறங்கியபோது கீழ்வீட்டுக் கதவு திறந்திருப்பது தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.